துளி சொல்லும் செய்தி

நுழையும்முன்

காலைப் புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளியும், அங்காடியின் குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் தேங்கும் நீரும் ஒரே இயற்கை விதியால் பிறந்தவை. முன்னது கண்ணுக்கு இனிமை தருகிறது. பின்னதையோ பலர் துடைத்தெறிய வேண்டிய ஈரம் என்றே எண்ணுகின்றனர். அந்த ஈரத்தின் அளவை நாள்தோறும் கவனித்து வருவது உணவையும் மருந்தையும் உயிரையும் காக்கும் பணியாகும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காற்றில் கரந்திருக்கும் நீர்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டினை முன்பனி, பின்பனி எனப் பனியின் பெயராலேயே வழங்கினர். பனி வானத்திலிருந்து மழைபோலப் பொழிவதன்று. காற்றில் ஆவியாய்க் கலந்திருக்கும் நீர், குளிர்ந்த இலையையோ கல்லையோ தொடும்போது சுருங்கித் துளியாகிறது. குளிர்ந்த மோர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதும் இவ்வாறுதான். செம்பு கசிவதில்லை, சுற்றியுள்ள காற்றே தன் நீரை அதன்மீது இறக்கி வைக்கிறது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். 4 டிகிரியில் அந்த அளவு 6 கிராமைச் சற்றே கடக்கும். வெப்பக்காற்று குளிரும்போது, அதனால் தாங்க இயலாத மிகுதி நீர் திரண்டு வெளிப்படுகிறது. எந்த வெப்பநிலையில் இத்திரட்சி தொடங்குகிறதோ அதனைப் பனிநிலை என்பர். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் கொண்ட கடற்கரை நகரக் காற்றின் பனிநிலை ஏறத்தாழ 25 டிகிரி ஆகும். ஆகவே, அந்நகரில் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எப்பொருளும் வியர்க்கும்.

குளிர்பதனக் கருவியின் உள்ளே உள்ள ஆவியாக்கிச் சுருள், அறையின் பிற பகுதிகளைவிடக் குளிர்ந்தது. எனவே, உள்ளே நுழையும் காற்றின் ஈரம் முதலில் அச்சுருளின்மீதே படிகிறது. இவ்வாறு படிந்து சொட்டும் நீரை இப்பாடம் 'திரள்நீர்' எனக் குறிப்பிடுகிறது. குளிர்பதனத் தொழிலாளர் இதனை 'டிரெயின் தண்ணீர்' என்பர்.

ஈரத்தை நீக்கப் பிறந்த கருவி

திரள்நீர், குளிரூட்டலின் வேண்டாத விளைவு எனப் பலர் எண்ணுவர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ளின் நகரில் ஓர் அச்சகம் பெரும் இடர்ப்பாட்டில் இருந்தது. கோடைக்காலக் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தது. ஈரம் குறைந்தபோது சுருங்கியது. வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுகையில் அவை இடம் பிறழ்ந்தன. இக்குறையைப் போக்க வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் ஓர் அமைப்பை வடிவமைத்தார். குளிர்ந்த சுருள்களின்மீது காற்றைச் செலுத்தி, அதன் ஈரத்தை நீராகப் பிரித்தெடுப்பதே அவர் கண்ட வழி. இன்றைய குளிர்சாதனத் தொழிலின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அங்கு நோக்கமே நீரைத் திரட்டுவதாக இருந்தது. குளிர்ச்சி உடன் வந்தது. இன்றைய அங்காடியில் குளிர்ச்சி நோக்கமாகவும், நீர் உடன் வருவதாகவும் மாறியுள்ளது. இயற்கை விதி மட்டும் மாறவில்லை.

தெரியுமா?

இயந்திரக் குளிர்பதனம் பரவுவதற்கு முன்பு, வட அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டி வெட்டியெடுக்கப்பட்டுக் கப்பல்களில் தொலைநாடுகளுக்கு அனுப்பப்பட்டது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் இவ்வணிகத்தில் புகழ்பெற்றவர். அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுப்பப்பட்ட 'ஐஸ் ஹவுஸ்' கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். அக்கால மேலைநாட்டு வீடுகளில் இருந்த பனிக்கட்டிப் பேழைகளின் அடியில் ஒரு தட்டு இருக்கும். உருகும் நீரைத் தாங்கும் அத்தட்டினை மறவாமல் காலி செய்வது வீட்டாரின் அன்றாடக் கடமையாக இருந்தது.

ஒரு கதவின் கணக்கு

திரள்நீரின் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். குளிரறை ஒன்றின் வெப்பநிலை 4 டிகிரி எனக் கொள்க. வெளிக்காற்று 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உடையது. அதன் ஒவ்வொரு கன மீட்டரிலும் ஏறத்தாழ 23 கிராம் நீராவி உள்ளது. அது 4 டிகிரிக்குக் குளிரும்போது 6 கிராமிற்குச் சற்று மேற்பட்ட அளவையே தாங்கும். எஞ்சிய 16 கிராம் அளவு நீராகத் திரளும்.

கதவை ஒருமுறை திறக்கும்போது 10 கன மீட்டர் காற்று உட்புகுவதாகக் கொண்டால், அதனால் திரளும் நீர் 160 கிராம். ஒரு நாளில் 50 முறை கதவு திறக்கப்பட்டால் 8 லிட்டர் நீர் சேரும். சுருளுக்கு அடியில் உள்ள தட்டின் கொள்ளளவு 2 லிட்டர் எனில், வடிகுழாய் அடைபட்ட நாளில் பதின்மூன்று முறை கதவு திறந்த அளவிலேயே அது வழியத் தொடங்கிவிடும்.

இந்நீர் இலவசமாகவும் திரள்வதில்லை. நீராவி நீராகும்போது தன் உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. 8 லிட்டர் நீர் திரளும்போது வெளிப்படும் வெப்பம், மின்னாற்றல் அலகில் கூறினால், 5 கிலோவாட் மணியைவிடச் சற்று அதிகம். இவ்வெப்பம் முழுவதையும் கருவியே வெளியேற்ற வேண்டும். எனவே, நீரின் கணக்கு மின்செலவின் கணக்காகவும் அமைகிறது.

நீர் செல்லும் வழி

சுருளில் திரண்ட நீர், சரிவாக அமைக்கப்பட்ட தட்டில் விழுந்து வடிகுழாய் வழியே வெளியேறும். குழாயின் ஓரிடம் வளைவாக அமைக்கப்பட்டு, அதில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். அந்நீர் ஒரு கதவுபோல நின்று, வெளியிலிருந்து நாற்றமும் பூச்சிகளும் வெப்பக்காற்றும் உள்ளே வராமல் தடுக்கிறது. வளைவு நெடுநாள் பயன்பாடின்றி வறண்டால் அக்கதவு திறந்துகொள்ளும்.

வடிகுழாயின் முனை கழிவுநீர்க் குழாயுடன் நேரடியாக இணைக்கப்படுவதில்லை. இரண்டிற்கும் இடையே வெற்றிடைவெளி விடப்படுகிறது. கழிவுநீர் பின்வாங்கி எழுந்தாலும் உணவுப் பெட்டியை எட்டாதிருக்கவே இந்த ஏற்பாடு.

உறைநிலைக்குக் கீழ் இயங்கும் பெட்டிகளில் ஈரம் நீராகாமல் வெண்பனியாகச் சுருளில் படிகிறது. பனி தடித்தால் காற்றோட்டம் தடைபடும். ஆகவே, குறித்த இடைவெளிகளில் மின்வெப்பத்தாலோ குளிர்பதன வளிமத்தின் வெப்பத்தாலோ அப்பனி உருக்கப்படுகிறது. உருகிய நீர் வழியிலேயே மீண்டும் உறைந்துவிடாமல் தட்டுக்கும் குழாய்க்கும் வெப்பக்கம்பி பொருத்தப்படும். வடிகால் வசதி இல்லாத இடங்களில் வைக்கப்படும் சிறு பெட்டிகளில், திரள்நீர் ஒரு தட்டில் சேர்ந்து, வெப்பமூட்டப்பட்டு ஆவியாகிக் காற்றிலேயே கலக்கிறது. மழைக்காலத்தில் ஈரம் மிகும்போது, ஆவியாகும் வேகத்தை விஞ்சி நீர் சேர்ந்தால் இத்தட்டும் வழியும்.

நீர்மட்டத்தைக் கண்காணித்தல்

எந்நேரமும் ஒருவர் தட்டின் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அப்பணியைச் செய்யும் கருவிகளுள் எளியது மிதவை விசை. ஒரு தண்டின்மீது மேலும் கீழும் நகரும் மிதவையினுள் சிறு காந்தம் இருக்கும். தண்டினுள், கண்ணாடிக் குழலில் அடைக்கப்பட்ட இரு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். நீர் உயர்ந்து மிதவை குறித்த இடத்தை அடைந்ததும் காந்தத்தின் ஈர்ப்பால் நாக்குகள் நிலைமாறி மின்சுற்றுக்குச் செய்தி தரும்.

இரு உலோக முனைகளை நீரில் தோயவிட்டு, அவற்றிடையே மின்னோட்டம் பாய்கிறதா எனக் காண்பது மற்றொரு முறை. இதில் ஒரு நுட்பம் உண்டு. திரள்நீர், காய்ச்சி வடித்த நீரைப் போன்றது. உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் அதில் மின்சாரம் எளிதில் பாயாது. குழாய்நீரைக் கொண்டு சரிபார்த்த கருவி, திரள்நீரை உணரத் தவறக்கூடும். தட்டின் வெளிப்புறத்தில் பொருத்தி, மின்தேக்குத் திறனின் மாற்றத்தால் நீரை உணரும் கருவிகளும் உள்ளன. அவற்றிற்கு நீரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

நீரேற்றும் மோட்டார் பொருத்தப்பட்ட இடங்களில் இரண்டு மட்டங்கள் குறிக்கப்படுகின்றன. முதல் மட்டத்தை நீர் எட்டியதும் மோட்டார் இயங்கி நீரை வெளியேற்றும். ஏதோ ஒரு காரணத்தால் அது இயங்காமல் நீர் இரண்டாம் மட்டத்தையும் எட்டினால் எச்சரிக்கை மணி ஒலிக்கும். சில அமைப்புகளில் குளிரூட்டலே நிறுத்தப்படும். எச்சரிக்கைச் சுற்றினை அமைப்பதிலும் ஓர் அறம் உண்டு. இயல்பு நிலையில் மின்னோட்டம் இருக்குமாறும், ஆபத்தில் அது அறுபடுமாறும் அமைப்பதே சிறந்தது. அவ்வாறு அமைத்தால் எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் மணி ஒலிக்கும். பழுதடைந்த காவலன் 'நலம்' என்று பொய்யுரைக்க அவ்வமைப்பு இடம் தருவதில்லை.

மிகுதியும் குறைவும்

நீர் மிகுந்தால் ஆபத்து என்பது எவருக்கும் விளங்கும். வழிந்த நீரில் வழுக்கி விழுவோர் உண்டு. மின்கம்பிகள் நனையலாம். மருந்துக் குப்பிகளின் பெயர்ச்சீட்டுகள் நனைந்து அழிந்தால், உள்ளிருக்கும் மருந்து கெடாவிடினும் அது பயனற்றதாகிவிடும். நீர் மிகுவதற்கு அடைப்பு மட்டுமே காரணமன்று. கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருக்கலாம்; கதவு சரியாகச் சாத்தப்படாதிருக்கலாம்.

நீர் குறைந்தாலும் ஆபத்து உண்டு என்பதே பலர் அறியாதது. எடுத்துக்காட்டாக, ஓர் அங்காடியைக் கருதலாம். அங்கே உறைந்த மீன் வைக்கும் அறையின் வடிகுழாய் ஒரு வாளியில் முடிகிறது. இரவுதோறும் அவ்வாளியைக் காலி செய்வது தூய்மைப் பணியாளர் ஒருவரின் வேலை. வழக்கமாக முக்கால் வாளி நீர் இருக்கும். ஒருநாள் அது கால் வாளியாகக் குறைகிறது. மறுநாள் வாளி காய்ந்து கிடக்கிறது. "ஐயா, இரண்டு நாளாக வாளியில் தண்ணீரே இல்லை" என்று அவர் மேற்பார்வையாளரிடம் கூறுகிறார். "நல்லதுதானே அம்மா, சுமக்கிற வேலை மிச்சம்" என்று விடை வருகிறது.

நான்காம் நாள் அறையின் வெப்பநிலை ஏறுகிறது. பனியுருக்கும் வெப்பக்கம்பி பழுதடைந்ததால், நீராக வெளியேற வேண்டிய ஈரம் முழுவதும் சுருளிலேயே பனிச்சுவராக நின்றுவிட்டது. காற்று ஊடுருவ வழியில்லை. மீன் மென்மையாகத் தொடங்குகிறது. இயந்திரத்தின் நோயை முதலில் கண்டறிந்தவர் அந்தப் பணியாளரே. அவரிடம் கருவி எதுவும் இல்லை. நேற்றைய அளவு நினைவில் இருந்தது. அவ்வளவே. கண்காணிப்பு என்பதன் சாரமும் அதுவே. இன்றைய அளவை நேற்றைய அளவோடு ஒப்பிடுவதும், வேறுபாட்டிற்குக் காரணம் தேடுவதுமே கண்காணிப்பாகும். அவர் சொல்லைக் கேட்டிருந்தால் மீன் தப்பியிருக்கும்.

குளிரில் வளரும் பகை

தேங்கிய நீர் கெடுதலுக்கு இடம் தருகிறது. தூசியும் உணவுத் துகளும் சேர்ந்த தட்டில் வழவழப்பான உயிர்ப்படலம் உருவாகிறது. குளிர் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. பெரும்பாலானவற்றின் வளர்ச்சியைக் குளிர் மந்தப்படுத்தும், அவ்வளவே. லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்னும் நுண்ணுயிரோ, 4 டிகிரிக் குளிரிலும் பெருகவல்லது. கருவுற்ற பெண்களுக்கும், முதியோருக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் அது உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வழியே பரவி, 2015ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட லிஸ்டீரியா நோயால் 10 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 3 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து ஆலைகளை ஆய்வு செய்த அலுவலர்கள் பதிவு செய்த குறைகளுள் ஒன்று, திரள்நீர் உணவின்மீது சொட்டியது என்பதாகும். அது ஒன்றே நோய்க்குக் காரணம் என உரைப்பது பொருந்தாது. ஆனால், சொட்டும் நீரைப் பொருட்படுத்தாத இடத்தில் வேறு பலவும் பொருட்படுத்தப்படாமல் போகும் என்பதற்கு அது சான்றாகும். நீர் திரண்டு நிற்கும் குழாய்களுக்கு அடியில் உணவைச் சேமிக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் மாதிரி உணவு விதித்தொகுப்பு கூறுகிறது.

திரள்நீர் தெளிவாகத் தோன்றினாலும் குடிப்பதற்கு உரியதன்று. சுருளின் உலோகத் துகளும் நுண்ணுயிர்களும் அதில் கலந்திருக்கலாம். முறையாகச் சேகரித்தால் தரை கழுவுவது போன்ற பணிகளுக்கு அதனைப் பயன்படுத்தலாம்.

காவலனைக் காத்தல்

கருவி பொருத்திய அளவில் கடமை முடிந்துவிடுவதில்லை. வழவழப்புப் படிந்த மிதவை தண்டிலேயே ஒட்டிக்கொள்ளும். நீர் உயர்ந்தாலும் அது உயராது. எனவே, குறித்த நாள்களில் தட்டில் நீரை ஊற்றி, மோட்டார் இயங்குகிறதா, மணி ஒலிக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். தட்டையும் குழாயையும் தூய்மை செய்தல், கதவின் விளிம்பைப் பார்த்தல், பனியுருக்கும் நேரத்தைச் சரிபார்த்தல், வெளியேறிய நீரின் அளவைக் குறிப்பேட்டில் எழுதுதல் ஆகியன இப்பணியின் பகுதிகளாகும். மழைநாளின் அளவும் கோடைநாளின் அளவும் ஒன்றாக இரா. ஆதலால் தட்பவெப்பத்தையும் உடன் குறிப்பது நன்று.

மருத்துவர் நாடியைக் கொண்டு உடலின் நிலையை அறிவதுபோல, தேர்ந்த பணியாளர் வடியும் நீரைக் கொண்டு இயந்திரத்தின் நிலையை அறிவார். வீட்டில் உண்ணும் ஒரு துண்டு மீனும், குழந்தைக்குச் செலுத்தும் ஒரு துளித் தடுப்பு மருந்தும், யாரோ ஒருவர் குளிரறையின் தட்டைக் குனிந்து பார்த்ததால் கெடாமல் வந்து சேர்கின்றன. அவர் பெயர் எந்தப் பொட்டலத்திலும் அச்சிடப்படுவதில்லை. அவர் கண்டு சொல்லும் சிறு செய்திக்குச் செவிகொடுப்பதே அவருடைய உழைப்புக்குச் செய்யும் முதல் மரியாதை.

சொற்பொருள்

கரந்திருக்கும் – மறைந்திருக்கும். பனிநிலை – காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. ஒப்பு ஈரப்பதம் – குறித்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதன் அளவு. உள்ளுறை வெப்பம் – வெப்பநிலை மாறாமல் பொருளின் நிலை மாறும்போது கொள்ளப்படும் அல்லது வெளியிடப்படும் வெப்பம். ஊறு – தீங்கு.

கற்பவை கற்றபின்

1. குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தின் வெளிப்புறம் வியர்க்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்து, அந்நாள்களின் தட்பவெப்பத்தோடு ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியில் உள்ள பால் நிலையம் அல்லது மருந்தகத்தில் குளிர்பதனப் பெட்டியைப் பராமரிப்பவரிடம் நேர்காணல் செய்து, அவருடைய ஒருநாள் பணியைக் கட்டுரையாக எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. திரள்நீரில் மின்சாரம் எளிதில் பாயாமைக்குக் காரணம்
அ) அது குளிர்ந்திருத்தல் ஆ) அதில் உப்புகள் மிகக் குறைவாக இருத்தல் இ) அது தேங்கி நிற்றல் ஈ) அதில் தூசி கலந்திருத்தல்

2. 1902இல் வில்லிஸ் கேரியர் தீர்க்க முயன்ற இடர்ப்பாடு
அ) உணவு கெடுதல் ஆ) பனிக்கட்டி உருகுதல் இ) ஈரத்தால் அச்சுத்தாள் விரிந்து சுருங்குதல் ஈ) மின்செலவு மிகுதல்

குறுவினா

1. பனிநிலை என்றால் என்ன?
2. வடிகுழாயின் வளைவில் நிற்கும் நீரின் பயன் யாது?
3. வடிகுழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையே இடைவெளி விடப்படுவது ஏன்?

சிறுவினா

1. மிதவை விசை செயற்படும் முறையை விளக்குக.
2. 'பழுதடைந்த காவலன் "நலம்" என்று பொய்யுரைக்க அவ்வமைப்பு இடம் தருவதில்லை' – இத்தொடரின் கருத்தை எடுத்துக்காட்டுடன் விளக்குக.

நெடுவினா

திரள்நீரின் மிகுதி, குறைவு ஆகிய இரண்டும் எச்சரிக்கைகளே என்பதைப் பாடப்பகுதி வழி நிறுவி, கண்காணிப்பில் பணியாளரின் பங்கினை விவரிக்க.